டிக்கியில் நாலு அரிசி மூட்டை

“…பிழையெண்டு நான் சொல்லேல்லையப்பா, கோயிலுக்குத்தானே. ஆனா நாலு மூட்டையிலை ஒண்டையாவது விட்டிருக்கக்கூடாதே?”

என் மனைவி இப்படிக் கேட்டபோது நாங்கள் துன் நகரத்துக்கு மேலே ஏறும் மலைத்தெருவின் இரண்டாவது வளைவில் நின்றோம். நின்றோம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கார் தெருவுக்குக் குறுக்கே கிடந்தது. மூக்கு மேலே பார்த்தபடி, வால் ஓரத்துப் பனிக்குவியலுக்குள். பனி அள்ளும் சவளை எடுக்கத்தான் அவள் டிக்கியைத் திறந்தாள். சவள் இருந்தது. அரிசி இல்லை. நேரம் ஆறு நாற்பது. ஏழு மணிக்கு அவள் மேலேயுள்ள முதியோர் இல்லத்துச் சமையலறையில் நிற்க வேண்டும். அந்த வேலையில் அவளுக்கு மூன்று மாதச் சோதனைக் காலம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஏற்கெனவே ஒருநாள் பிந்திப் போயிருந்தாள். அதுவும் என்னால்தான்.

காருக்கும் அரிசிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்வதென்றால் காரிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாயிரத்து ஒன்பதில் வாங்கிய கார். ஆராவில் இருந்த ஒருவர் விற்றார். என் வயதுக்காரர்தான், ஆனாலும் ஒருவரையொருவர் அண்ணை என்று கூப்பிட்டுக்கொண்டோம். அப்படிக் கூப்பிட்டால் பேரம் பேச வாய் வராது. நீளமான நாலு கதவுக் கார், கடும் நீலம். எனக்கு முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டது. அவர் எதையும் மறைக்கவில்லை.

“அண்ணை, கோடையிலை இதைப்போலை ஒரு கார் கிடையாது. மாரி வந்தா மட்டும் சம்பந்தி வீட்டார் மாதிரி. கவனிச்சு நடத்தினாத்தான் முகத்தைத் திருப்பாமல் வருவினம்.”

“என்ன கவனிப்பு?”

“இது பின்சில்லு இழுக்கிற கார். பின்னுக்குப் பாரம் இல்லையெண்டா சில்லு ஸ்னோவிலை பிடிக்காது, சும்மா சுத்தும். வெள்ளைக்காரன் டிக்கியிலை மண் மூட்டை போடுவான். மண்ணைச் சுமந்து என்ன கண்டது? நான் அரிசி மூட்டை போடுறனான். ஸ்னோ முடிய எடுத்துச் சமைக்கலாம்.” டிக்கியைச் சாத்திவிட்டுப் பின்கதவைத் தட்டிக் காட்டினார். “பின் சீற்றிலை ஆக்கள் இருந்தா அதுவும் தேவையில்லை.”

எங்களுக்கு அந்த வருடங்களில் ஆட்களுக்குக் குறைவில்லை. பிள்ளைகள் மூன்று பேரும் பின்னால்தான். யன்னல் பக்கத்துக்கு அடிபாடு. நடுவில் அகப்பட்டவர் மற்ற இருவரையும் முழங்கையால் இடித்துக்கொண்டே வருவார். தடித்த குளிர் அங்கியோடு மூன்று பேரும் நெருங்கி இருக்க, பின்கண்ணாடி முழுக்க மூச்சுப் படிந்து வெள்ளையாகிவிடும். அதில் விரலால் படம் கீறுவார்கள். வீட்டில் மூன்று பேரையும் விட்டுவிட்டுப் போகிற நாள்களில் அந்த இடம் சும்மா இருக்காது. கார் இல்லாதவர்கள் தொலைபேசி எடுப்பார்கள். திரிம்பாக் கோயிலுக்கு, ஆசுபத்திரிக்கு, விமான நிலையத்துக்கு என்று எப்போதும் யாரோ ஒருவர் பின்னால் இருந்து கதைத்துக்கொண்டு வருவார். எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஓர் அக்கா இருந்தார். கொஞ்சம் பருத்த உடம்பு. ஏறும்போதே தானாகச் சொல்லிவிடுவார்: “நான் ஏறினாப் பிறகு உம்மடை கார் எந்த மலையும் ஏறும் தம்பி, பயப்பிடாமல் விடும்.” அவர் சொன்னது மெய். அந்த எட்டுப் பத்து மாரியில் ஒருநாளும் அந்தக் கார் சறுக்கவில்லை. நான் அதை என் ஓட்டும் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மனைவி மட்டும் பின்னால் இருந்ததே இல்லை. இருந்தால் அவளுக்குத் தலைச்சுற்று, ஓங்காளம். கார் வாங்கிய புதிதில் ஒருநாள், முன் சீற்றை ஒரு வயதானவருக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறினாள். அரைமணித்தியாலம் தாங்கவில்லை. பெருந்தெரு ஓரம் நிறுத்தி, கொட்டும் பனியில் அவள் வாந்தி எடுக்க, தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று முதல் முன் சீற் அவளுடையது. யார் வந்தாலும் விட்டுக்கொடுக்க மாட்டாள். கைப்பையில் எப்போதும் ஒரு தேசிக்காய் கிடக்கும், அந்த எலுமிச்சை வாசத்தை முகர்ந்து பார்க்க. “இது எனக்கு விசா மாதிரி” என்பாள். “இது இல்லாமல் ஒரு இடமும் போகேலாது.”

குளிர்காலத்தில் கார் வைத்திருப்பவர்களின் கதைகளைக் கேட்டால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். வேலைக்குப் போவதற்கு முதலே ஒரு வேலை. எங்களுக்குக் கராஜ் கிடையாது. கட்டடத்துக்குப் பின்னால் வெட்டவெளியில் ஒரு கோடு போட்ட இடம். விடியப் போய்க் கண்ணாடியைச் சுரண்ட வேண்டும். கையுறை போட்டால் பிடி வராது, போடாவிட்டால் விரல் விறைக்கும். மனைவி வெறும் அரிசிப் பைகளைச் சேர்த்துத் தைத்து முன்கண்ணாடிக்கு ஒரு போர்வை செய்து தந்தாள். அது உதவியது, ஆனால் பை கண்ணாடியோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும் நாளும் உண்டு. அன்று போர்வையையும் சேர்த்துச் சுரண்ட வேண்டும். உள்ளே மிதிபாய் காய்ந்ததே இல்லை. தெருவுக்குப் போடும் உப்பு சப்பாத்தோடு வந்து வெள்ளை வெள்ளையாகப் படியும். இயந்திரத்தைக் கொஞ்சம் சூடாகவிட்டு நின்றால் கீழ்வீட்டுக்காரர் யன்னலைத் திறப்பார். ஓய்வுபெற்ற பஸ் சாரதி அவர். நல்ல மனிதர், ஆனால் சட்டம் தெரிந்தவர். “ஓடுவதென்றால் ஓடு, நிற்பதென்றால் நிறுத்து” என்பார், அவர்களுடைய ஜெர்மன் பேச்சில். பதினைந்து மாரியாக எனக்கு இந்த நாட்டு வானொலியைவிட அவர் குரல்தான் பழக்கம்.

நான் வேலை செய்த ஹோட்டல் சமையலறையில் என்னோடு ஒருவர் இருந்தார், அவரிடமும் ஒரு பழைய கார். அவர் ஒருநாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னார்: “மாரியிலை கார் வைச்சிருக்கிறது வருத்தக்காரரை வைச்சுப் பாக்கிற மாதிரி அண்ணை. விடியக் கண் முழிச்சவுடனை முதல் யோசினை, ஆளுக்கு மூச்சு இருக்கோ எண்டு.” எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துப்போய் வீட்டில் வந்து சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை. முதியோர் இல்லத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

அதற்கு முதல் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் புறப்பட்டுவிட்டார்கள். மூத்தவள் பேர்ணில் தாதிப் படிப்பு, மற்றவர்கள் வேறு நகரங்களில். “அப்பா, நீங்கள் வரவேண்டாம், நான் ரெயின்லை வாறன்” என்பதுதான் மூன்று பேருக்கும் ஒரே பாட்டு. பக்கத்துக் கட்டடத்து அக்காவும் மகனோடு சூரிச்சுக்குப் போய்விட்டார். பின் சீற்றில் வெறும் குடையும் பிள்ளைகள் மறந்துவிட்டுப்போன ஒரு கம்பளித் தொப்பியும்தான். அந்த மாரியில்தான் கார் முதல்முதல் சறுக்கியது. ஒரு சின்ன ஏற்றத்தில் பின்பக்கம் மெல்ல ஒருபக்கம் இழுபட்டது. எனக்கு ஆராவ்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது.

அடுத்த நாளே தமிழ்க்கடையில் இரண்டு மூட்டை வாங்கிப் போட்டேன். ஒவ்வொன்றும் இருபது கிலோ. போதவில்லை, நாலாக்கினேன். சரியாகப் பின் அச்சுக்கு மேலே, இரண்டுக்கு மேல் இரண்டாக. பிள்ளைகள் இருந்த பாரம் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு. கார் பழையபடி நல்ல பிள்ளையாகிவிட்டது. வீட்டில் அரிசி முடிந்து நான் டிக்கியில் கைவைக்கப் போனால் மனைவி விடமாட்டாள். “அது காரின்ரை சாப்பாடு. தொடாதேங்கோ, கடைக்குப் போங்கோ.” பங்குனி போய்ச் சித்திரையில்தான் அந்த மூட்டைகள் குசினிக்கு வரும். மூத்தவள் ஒருமுறை லீவில் வந்து ஒரு வாய் வைத்துவிட்டுக் கேட்டாள்: “அம்மா, ஏன் சோத்திலை டயர் மணக்குது?”

“சாப்பிடு, சாப்பிடு. சறுக்காமல் போகலாம்” என்றாள் தாய்.

இனி அந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவி இந்த நாட்டுக்கு வந்து செய்ததெல்லாம் துப்புரவு வேலைதான். படிக்கட்டு, அலுவலகம், பல் வைத்தியரின் இடம் என்று இங்கே இரண்டு மணித்தியாலம், அங்கே ஒரு மணித்தியாலம். எந்த இடத்திலும் அவள் ஆட்களைக் கண்டதில்லை. அவர்கள் வருவதற்கு முதல் போய்விட வேண்டும், அல்லது அவர்கள் போனபிறகு வர வேண்டும். முதியோர் இல்லத்துச் சமையலறையில்தான் முதல்முதல் அவளுக்கென்று ஒரு அலுமாரி கொடுத்து, அதில் பெயரும் எழுதி ஒட்டினார்கள். முதல்நாள் வந்து அந்த எழுத்தைப் பற்றித்தான் சொன்னாள். சரியாக எழுதியிருக்கிறார்களாம், ஒரு எழுத்தும் பிழையில்லையாம். காலைச் சாப்பாட்டுக்கு வருகிற கிழவர்கள் பாணை அவள் வெட்டினால்தான் வேண்டும் என்கிறார்களாம், மெல்லிசாக வெட்டுகிறாளாம். எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகளும் சாப்பிட்டு வளர்ந்த பாண் அது. ஒருவரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. நானும் இல்லை.

வேலை ஏழு மணிக்கு. முதல் பஸ் மேலே போய்ச் சேர ஏழே கால். ஆகவே கார். எனக்கு வேலை பத்து மணிக்குத்தான். ஆனாலும் அவளோடு எழும்பி, சுரண்டி, ஏற்றி, விட்டுவிட்டு வந்து மறுபடி ஒரு மணித்தியாலம் படுப்பேன். நித்திரை வராது. உடம்பு மட்டும் படுத்திருக்கும்.

கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல்நாள் நான் செய்த காரியத்தை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். நல்ல நாளுக்கு முதல் வாகனத்தைக் கழுவாவிட்டால் எனக்கு மனம் ஆறாது. பின்னேரம் வாளியில் தண்ணீர் கொண்டுபோய்க் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சந்தனமும் குங்குமமும் வைத்தேன். கதவு இடுக்கெல்லாம் தெளித்தேன், குறை விடக்கூடாது என்று. விடிய வந்து பார்த்தால் நாலு கதவும் உறைந்து இறுகிவிட்டன. தலைமயிர் காயவைக்கும் இயந்திரத்தை நீளமான வயரில் கொளுவிக் கொண்டுவந்து ஒவ்வொரு கதவாகச் சூடு பிடித்தேன். கீழ்வீட்டுக்காரர் யன்னலைத் திறந்து பார்த்தார். அன்று அவர் ஒரு சட்டமும் சொல்லவில்லை. மெல்ல யன்னலைச் சாத்திக்கொண்டார். மனைவி இருபது நிமிடம் பிந்தினாள்.

அங்கே பொறுப்பான பெண் கண்டிப்பானவர், ஆனால் கத்துகிறவர் அல்ல. “இன்னொருமுறை இப்படி நடந்தால், உங்களை வைத்திருக்கச் சொல்லி மேலே கேட்க என்னால் முடியாது” என்று மட்டும் சொன்னாராம். அன்று பின்னேரம் மனைவி கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே இதைச் சொன்னாள்.

“நான் சத்தம் போடுற ஆளில்லை எண்டு உங்களுக்குத் தெரியும். ஆனா எனக்கு இந்த வேலை வேணும். வேறை ஒண்டும் கேக்கேல்லை.”

“இனிக் கழுவமாட்டன்” என்றேன்.

“கழுவுங்கோ. கோடையிலை கழுவுங்கோ.”

பிறகு திருவெம்பாவை வந்தது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் திரிம்பாக் போனோம். நல்ல சனம். பூசை நடந்துகொண்டிருந்தது, மனைவி உள்ளே நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போலக் கதைப்பதற்கு ஆள் தேடி அன்னதானச் சமையல் பக்கம் போனேன். அங்கே ஒரே குழப்பம். நினைத்ததைவிட மும்மடங்கு சனம் வந்துவிட்டது, அரிசி போதாது, ஞாயிற்றுக்கிழமை கடையும் இல்லை. பெரிய அகப்பையோடு நின்றவர் வியர்த்து வழிந்தார். “பருப்பிலை தண்ணியை விட்டுச் சமாளிக்கலாம், சோத்திலை என்னத்தை விடுறது?” என்றார்.

என் வாய் என்னைக் கேட்டுக்கொண்டு பேசுவதில்லை. “என்ரை காரிலை இருக்கு” என்றேன்.

“எத்தினை?”

“நாலு மூட்டை.”

அவர் அகப்பையைக் கீழே வைத்துவிட்டார். “அண்ணை, நீங்கள் காரிலை வந்தீங்களோ, லொறியிலை வந்தீங்களோ?” எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு பேர் வந்து தூக்கினார்கள். எனக்கு அந்த நேரம் பனியும் மலையும் ஞாபகத்தில் இல்லை என்று சொன்னால் பொய். ஞாபகம் வந்தது. மூன்றாவது மூட்டை போகும்போது வந்தது. ஒன்று இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒருவர், “அள்ளிக் குடுக்கிற மனசு எல்லாருக்கும் வராது” என்று என் முதுகில் தட்டினார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? நாலாவதை நானே தூக்கிக்கொண்டு போனேன்.

மனைவியிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை வேலை முடிய வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது தெருவெல்லாம் காய்ந்து கிடந்தது. கார் இலேசாக, சந்தோசமாக ஓடுவதுபோல இருந்தது. “இண்டைக்குச் சோறு நல்லா இருந்தது, என்ன?” என்றாள் அவள். “டயர் மணக்கேல்லை” என்றும் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சோறு டயர் மணக்காததற்குக் காரணம், மூட்டை வாங்கி இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது.

நாங்கள் நித்திரையாக இருக்கும்போது பனி கொட்டிவிட்டது. விடிய எழும்பித்தான் யன்னலால் அதைக் கண்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். இருபது நிமிடம் முந்தி இறங்கியிருக்கலாம், கீழ்வீட்டுக்காரரிடம் உதவி கேட்டிருக்கலாம். மெல்லப் போனால் ஏறும் என்று நினைத்தேன். முதல் வளைவில் ஏறியது. இரண்டாவதில் பின்பக்கம் ஒருமுறை ஆடியது. நான் கால் எடுக்க, தெருவும் மரமும் கண்ணாடிக்குள் பக்கவாட்டில் ஓடின. மெத்தென்று ஒரு சத்தம். நின்றோம்.

ஒருவருக்கும் ஒன்றுமில்லை. இறங்கிச் சில்லைச் சுற்றிப் பனியை அள்ளினேன். மூன்று தரம் முயன்றேன். மூன்று தரமும் சில்லு கிணற்றுக் கப்பிபோலச் சும்மா சுழன்றது. தெருவோரம் சரளைக்கல் போட்ட பெட்டி ஒன்று உண்டு, இப்படியான நேரத்துக்கென்றே வைத்தது. அதன் மூடி திறக்க மாட்டேன் என்றது. சவளால் உடைத்துத் திறந்து இரண்டு கை கல் அள்ளிவந்து போட்டேன். சவள் எடுக்கத் திறந்தபோதே மனைவி டிக்கிக்குள் பார்த்துவிட்டாள், அரிசி எங்கே என்று கேட்டாள், நான் சொன்னேன். நாலையுமோ என்றாள். ஓம் என்றேன். அதற்குத்தான் அவள் அப்படிக் கேட்டாள், ஒண்டையாவது விட்டிருக்கக்கூடாதே என்று.

“ஸ்னோ வராதெண்டு நினைச்சன்” என்றேன்.

“நீங்கள் நினைக்கிறதைக் கேட்டுக்கொண்டோ அது வாறது?”

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அது இல்லை. பதினைந்து இருபது வருடமாக யாரோ ஒருவருடைய படிக்கட்டைத் துடைத்துவிட்டு வருகிறவளின் குரல் அது. மேலே, மரங்களுக்கு நடுவில் இல்லத்தின் விளக்குகள் தெரிந்தன. சமையலறை யன்னல் எது என்று அவளுக்குத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நடந்தா அரைமணித்தியாலம்” என்றேன். “போன் எடுத்துச் சொல்லுமன், கார் சறுக்கிப்போச்செண்டு.”

“போன முறை கதவு. இந்த முறை கார். அவ என்ன நினைப்பா?” மணிக்கூட்டைப் பார்த்தாள். ஆறு நாற்பத்தாறு. “இன்னும் எவ்வளவு தூரம் ஏத்தம்?”

“அந்த வளைவு மட்டுந்தான். அதுக்கு அங்காலை அவ்வளவில்லை. பின்னுக்கு மட்டும் கொஞ்சம் பாரம் இருந்திருந்தா…”

சொல்லி முடிக்குமுன் வாயை மூடிக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு காரின் பின் சீற்றைப் பார்த்தாள்.

டிக்கியை அடித்துச் சாத்தினாள். சப்பாத்தில் இருந்த பனியை ஒருமுறை தட்டினாள். பின்கதவைத் திறந்து, குடையையும் அந்தக் கம்பளித் தொப்பியையும் ஒருபக்கம் தள்ளிவிட்டு, ஏறிச் சரி நடுவில் குந்தினாள். பெல்ட்டைப் போட்டாள். கைப்பையைத் திறந்து தேசிக்காயை எடுத்து, இரண்டு கையாலும் மூக்கோடு பொத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.